'வார்ம்ஹோலை உருவாக்கிட்டாங்களா?' புலிட்சர் வென்ற பத்திரிகையின் தலைப்பு மாறியது ஏன்?

2022 நவம்பர் 30. அமெரிக்காவின் குவாண்டா மேகசின் இணையதளத்தில் ஒரு கட்டுரை வெளியானது. 'குவாண்டம் கம்ப்யூட்டரில் வார்ம்ஹோலை உருவாக்கினர் இயற்பியலாளர்கள்' என்பதுதான் தலைப்பின் சாரம். கொஞ்ச நாளிலேயே அந்தத் தலைப்புக்குள் புதிதாக ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்தது: 'ஹோலோகிராபிக்'.

ஒரு வார்த்தைதானே, இதுல என்ன இருக்கு என்று தோன்றலாம். எழுதியவர் யார் என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும்.

யார் இந்த நடாலி வோல்சோவர்?

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். பெர்க்லியில் மேற்படிப்பைத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு எழுத வந்தார். கரும்பொருள், பெருவெடிப்பு, குவாண்டம் ஈர்ப்பு என விஞ்ஞானிகளே தடுமாறும் விஷயங்களைப் பொதுவாசகர்களுக்குச் சொல்வதுதான் இவர் வேலை.

2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்ணில் ஏவப்பட்டது. அதற்கு 3 வாரம் முன்பு இவர் எழுதிய நீண்ட கட்டுரை, அந்தத் தொலைநோக்கி ஏன் இவ்வளவு பெரிய ரிஸ்க் என்பதைப் பிரித்துக் காட்டியது. 18 துண்டுகள் கொண்ட, மடித்து வைத்த 6.5 மீட்டர் கண்ணாடி, 5 அடுக்கு வெயில் திரை, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரம். எதிலாவது கோளாறு என்றால் போய் ரிப்பேர் பண்ண ஆள் அனுப்ப முடியாது. செலவோ சுமார் 1,000 கோடி டாலர்.

2022 மே மாதம் விளக்க இதழியலுக்கான புலிட்சர் பரிசு குவாண்டாவுக்குக் கிடைத்தது. நடாலியின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டே அறிவித்தார்கள். வெப் எடுத்த முதல் வண்ணப் படங்களை உலகம் பார்த்ததே அதன் பிறகு, ஜூலையில்தான்.

வார்ம்ஹோல் கட்டுரை வந்தது அதே ஆண்டு. எழுதியவர் அதே நடாலி.

அப்படி என்ன செய்தார்கள்?

வார்ம்ஹோல் என்றால் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் சனி கிரகம் பக்கத்தில் விண்கலம் நுழையுமே, அதுதான். தமிழில் புழுத்துளை. வெளியின் இரண்டு தொலைதூர இடங்களை இணைக்கும் குறுக்குவழி. 1935ல் ஐன்ஸ்டைனும் ரோசனும் கணக்கில் கண்டார்கள். இன்றுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை.

மரியா ஸ்பிரோபுலு, டேனியல் ஜாஃபெரிஸ் உள்ளிட்டோரின் குழு, கூகுளின் சிகமோர் குவாண்டம் கம்ப்யூட்டரில் 9 க்யூபிட்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தது. முடிவு 'நேச்சர்' இதழில் வெளியானது. அந்த இதழின் அட்டையிலும் இடம்பிடித்தது.

சோதனையின் அடிப்படை, 1997ல் ஜுவான் மால்டசேனா சொன்ன ஒரு கருத்து. ஈர்ப்பு விசை உள்ள ஒரு வெளியின் கணக்கும், ஈர்ப்பே இல்லாத குவாண்டம் துகள்களின் கணக்கும் சில சமயம் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும். இதற்குப் பெயர் ஹோலோகிராபிக் தொடர்பு. ஒரே கதையை தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக எடுப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நடிகர்கள் வேறு, ஊர் வேறு, கதை ஒன்றுதான். இந்தக் குழு துகள்கள் பக்கத்துக் கதையை ஓட்டிப் பார்த்தது. ஒரு பக்கம் செலுத்திய தகவல் மறுபக்கம் வந்தது. ஈர்ப்பு பக்கத்து மொழியில் சொன்னால், அது வார்ம்ஹோல் வழியாக வந்ததற்குச் சமம்.

இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருக்கும் அந்த வெளி, நாம் வாழும் பிரபஞ்சம் மாதிரியானது கிடையாது என்பது இன்னொரு விஷயம்.

சிக்கல் எங்கே வந்தது?

இரண்டு இடத்தில். முதலாவது, 'உருவாக்கினர்' என்ற சொல். போனில் கிரிக்கெட் கேம் ஆடி சிக்ஸர் அடித்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் உடையாது. அதே நாளில் நியூயார்க் டைம்ஸில் டென்னிஸ் ஓவர்பை எழுதிய செய்தியில், கணினி விஞ்ஞானி ஸ்காட் ஆரன்சன் இதைக் கிண்டலாகவே கேட்டிருந்தார்: இதை வார்ம்ஹோல் என்றால், பேப்பரில் பேனாவால் வரைந்தாலும் வார்ம்ஹோல் உருவாகிவிட்டதாகச் சொல்லலாமே? மேலும் 9 க்யூபிட் கணக்கை ஒரு சாதாரண லேப்டாப்பே போட்டுவிடும்.

நடாலியின் கட்டுரைக்குள் ஹோலோகிராபிக் விஷயம் விரிவாகவே இருந்தது. ஆனால் ஷேர் ஆனது தலைப்புதான். போனில் பாதிப் பேர் தலைப்போடு நகர்ந்துவிடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஹிக்ஸ் போசானை நாமும்தான் இன்னும் 'கடவுள் துகள்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். விஞ்ஞானி லியான் லெடர்மன் 1993ல் தன் புத்தகத்துக்கு வைத்த பெயர் அது. கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனைக்கும் குவாண்டா க்ளிக் விளம்பரத்தை நம்பி ஓடும் தளம் இல்லை. சைமன்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் நடப்பது. அப்படிப்பட்ட இடத்திலேயே இது நடந்தது என்பதுதான் பலரையும் யோசிக்க வைத்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. முழுக் கணக்கையும் இப்போதைய கருவியால் ஓட்ட முடியாது என்பதால், ஆய்வுக் குழு மெஷின் லேர்னிங் வைத்து அதைக் கத்தரித்திருந்தது. 2023 பிப்ரவரியில் கோப்ரின், ஷஸ்டர், யாவ் என்ற 3 இயற்பியலாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். படத்தை வெட்டி வெட்டி டிரெய்லர் ஆக்கிவிட்டீர்கள், அதில் அந்தக் கதையே மிச்சமில்லையே என்பது போன்ற கேள்வி. சுருக்கிய கணக்கில் வார்ம்ஹோலின் அடையாளமாகக் காட்டப்பட்ட பண்பு, ஈர்ப்போடு தொடர்பே இல்லாத எளிய கணக்குகளிலும் வரும் என்றார்கள். ஆய்வுக் குழு இதை ஏற்கவில்லை, பதில் எழுதியது.

குவாண்டா என்ன செய்தது? 2023 மார்ச்சில், வார்ம்ஹோல் சோதனை கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்று சார்லி வுட் எழுதிய தனிச் செய்தியைத் தன் பக்கத்திலேயே வெளியிட்டது. நடாலியின் கட்டுரையையும் அழிக்கவில்லை. 'ஹோலோகிராபிக்' சேர்த்த தலைப்போடு அது இன்னும் அதே தளத்தில் இருக்கிறது.