வாங்கிய பொருள் வாய்க்காதபோது

புதிய மின்பொருளொன்று வீட்டுக்கு வரும் நாள் அக்குடும்பத்துக்கு ஒரு சிறு திருநாளேயாகும். கைத்தொலைபேசியாயினும் தொலைக்காட்சிப் பெட்டியாயினும், அதன் விலைக்குள்ளே பல மாதச் சேமிப்போ, சீட்டுப் பணமோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணமோ அடங்கியிருக்கும். அப்பொருள் மூன்றாம் வாரத்திலேயே ஓய்ந்துவிடுமாயின், இழப்பு பணத்தோடு நின்றுவிடுவதில்லை. கடைக்குச் சென்று கேட்டு, “நாளைக்கு வாருங்கள்” என்ற விடையோடு திரும்பத் திரும்ப வீடு வந்து சேரும் பெற்றோர், தம் பிள்ளைகளின் முன்னிலையில் மனம் குன்றிப் போகின்றனர். ஈற்றில், “எங்கள் தலைவிதி இவ்வளவுதான்” என்று கூறிப் பலர் ஓய்ந்துவிடுகின்றனர். விதியை நோவதற்கு முன் சட்டத்தையும் சற்றே நோக்குதல் நன்றன்றோ?

முதலில், நம்முடைய ஏமாற்றம் எவ்வகையைச் சேர்ந்தது என்று தெளிதல் வேண்டும். பொருளிலே உண்மையான பழுது இருத்தல் ஒன்று. சொன்னது வேறு, தந்தது வேறு என்று அமைதல் மற்றொன்று. பொருள் செம்மையாயிருக்க நம் எதிர்பார்ப்பே பிழைத்துப் போதல் மூன்றாவது. இவற்றைப் பிரித்தறியாது கடைக்குச் செல்வோர், நியாயம் தம் பக்கம் இருந்தும் வாதத்திலே தோற்றுவிடுவதுண்டு.

மூன்றாவது வகைக்கு இரண்டு உதாரணங்கள் கூறுவோம். 128 ஜிகாபைட் என்று எழுதப்பட்ட ஞாபக அட்டையைக் கணினியில் இட்டால் ஏறத்தாழ 119 என்றே காட்டும். இதிலே களவு எதுவும் இல்லை. செய்தவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார். கணினியோ 1,024 ஆகப் பெருக்கிக் கணக்கிடுகிறது. அவ்வாறே, 10,000 மில்லி அம்பியர் மணி என்று பொறித்த பவர் பேங்கின் உள்ளே இருக்கும் மின்கலத்தின் அழுத்தம் பொதுவாக 3.7 வோல்ட், வெளியே அது தருவதோ 5 வோல்ட். இக்கணக்கின்படி 10,000 என்பது 7,400 ஆகக் குறைந்துவிடும். மாற்றத்தின்போது வெப்பமாகக் கழிவதும் உண்டு. ஆகவே, 5,000 மில்லி அம்பியர் மணி மின்கலமுடைய கைத்தொலைபேசியை அது இருமுறை முற்றாக நிரப்பவில்லை என்று வழக்காடுதல் பயனற்றது. ஒருமுறைதானும் நிரப்பவில்லையென்றால் அது வேறு கதை. சிறிய அட்டையைப் பெரிய அட்டையெனக் கணினிக்குக் காட்டி ஏமாற்றும் போலிகளும் சந்தையில் உண்டு. அவை கொள்ளுமளவுக்கு மேல் எழுதப்படும் படங்கள் அழிந்தே போகும். அது எதிர்பார்ப்பின் பிழையன்று, வஞ்சகமாகும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவர் தம் தேவையை அறிவித்து விற்பவரின் திறமையை நம்பி வாங்குமிடத்து, பொருள் அத்தேவைக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை விற்பனையோடு சேர்த்தே வைத்தது. பின்னர் 1979ஆம் ஆண்டிலே பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எடுத்துக்கொண்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அச்சட்டத்தின் கீழ் அமைந்ததே. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கவும், நட்டஈடு வழங்கவோ, வேறு பொருள் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ வியாபாரிக்குக் கட்டளையிடவும் அச்சபைக்கு அதிகாரம் உண்டு. “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கக் கண்டு அஞ்சித் திரும்புவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனினும் இச்சட்டத்திலே காலவெல்லை ஒன்று உண்டு. வாசகர்கள் இதனைக் கோடிட்டு வைத்துக்கொள்வார்களாக. பொருள் விற்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள், எழுத்து மூலமாகவே முறைப்பாடு செய்தல் வேண்டும். கடையின் உத்தரவாதச் சீட்டு ஓராண்டு என்று கூறலாம். சபையின் கதவோ மூன்று மாதத்தில் அடைபடுகிறது. பழுதைத் திருத்தித் தருவதாக ஏற்றுக்கொண்டு, “உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும்” என்று வாரங்களைக் கடத்தும் கடைகளும் உண்டு. அப்பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பிப் பொறுமையோடு காத்திருப்பவர், தம்மையறியாமலே உரிமையை இழந்துவிடக்கூடும். பொறுமை பூமியாளச் செய்யும் என்பர். இவ்விடத்தில் நாட்காட்டியைப் பார்த்துப் பொறுத்தலே அறிவுடைமை.

ஆகவே செய்யத்தக்கவை எவை? வாங்கும்போதே பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக. கைத்தொலைபேசியாயின் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைப் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, சீட்டிலும் எழுதுவிக்க. பெட்டியையும் உறையையும் சில வாரங்களுக்கேனும் எறிந்துவிடாதீர்கள். பழுது கண்ட அன்றே அதன் தன்மையையும் திகதியையும் குறித்து, இயலுமாயின் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அயலிலுள்ள திருத்துநரிடம் கொடுத்துத் திறந்துவிட்டால் உத்தரவாதம் அற்றுப் போதல் பெரும்பாலும் நிகழ்வது. இடிமின்னலாலும் நீர் புகுந்தமையாலும் நேர்ந்த பழுதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆதலால் சீட்டின் சிற்றெழுத்துக்களை முன்னரே வாசித்தல் நலம். திருத்தக் கொடுக்கும்போது குடும்பப் படங்களையும் கடவுச்சொற்களையும் வேறிடத்திற் சேமித்து அழித்த பின்பே கொடுங்கள்; கொடுத்ததற்குத் திகதியிட்ட சீட்டும் பெறுங்கள்.

வாய்ப்பேச்சு பயன் தராதவிடத்துக் கடிதமே கருவி. அது நீண்டிருக்க வேண்டியதில்லை. பின்வருமாறு எழுதினாற் போதும்:

“ஐயா, மே மாதம் 4ஆம் திகதி, இணைத்துள்ள பற்றுச்சீட்டின்படி, தங்கள் கடையில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கினோம். 21ஆம் திகதி முதல் ஒலி மட்டும் கேட்கிறது, படம் தோன்றவில்லை. 22ஆம் திகதி நேரில் வந்து அறிவித்தோம். வேறு பெட்டி தருமாறு, அன்றேல் பணத்தைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம். பதினான்கு நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.”

இதிலே வசைமொழி ஒன்றுமில்லை; திகதிகள் உண்டு, வேண்டுகோள் உண்டு, தவணையும் உண்டு. பிரதியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புக. தவணை கடந்தும் பதில் வாராதாயின், அப்பிரதியோடு அதிகாரசபைக்கு எழுதலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்திலேயே போய்ச் சேரட்டும்.

“ஆங்கிலம் அறியோமே, சிங்களம் அறியோமே” என்று தயங்குவோருக்கும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தால் அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையும் நமக்குண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். உரிமை ஏட்டில் மட்டும் கிடந்தாற் பயனென்ன?

மற்றொன்றும் சொல்லல் தகும். கடையின் மேசைக்குப் பின்னே நிற்கும் இளைஞரோ யுவதியோ அப்பொருளைச் செய்தவருமல்லர், இலாபம் பெறுபவருமல்லர். அவர்மீது சினத்தைக் கொட்டுவதால் பழுது தீராது. “தம்பி, முகாமையாளரைச் சந்திக்க வேண்டும்” என்று இன்சொல்லோடு, ஆயினும் உறுதியோடு கேட்பவருக்கே வழி திறக்கும். நேர்மையான வியாபாரிகளும் நம்மிடையே பலர் உளர். நல்ல முறையில் எழுதிய கடிதம் அவர்களுக்கும் துணை செய்யும். இறக்குமதி செய்தவரிடம் அவர்கள் நியாயம் கேட்க அதுவே சான்றாகும்.

1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தம் நாட்டு மன்றத்துக்கு விடுத்த செய்தியில், பாவனையாளரின் நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார். பாதுகாப்பு, தகவல், தெரிவு என்பவற்றோடு, தம் குரல் கேட்கப்படும் உரிமையும் அவற்றுள் ஒன்று. குரல் கேட்கப்பட வேண்டுமாயின், முதலில் அது எழுதல் வேண்டும். பாடசாலையிலே கடிதம் எழுதப் பழகும் மாணவ மாணவியரே, உங்கள் வீட்டில் அடுத்த முறை ஒரு பொருள் பழுதுபடுமாயின், அம்மாவுக்காக அக்கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.