ஆப்கன் போர்க்கால கிராமங்கள்: குளிர்காலத்தில் திட்டமிடல் ஏன் அவசியமானது?

ஆப்கானிஸ்தானின் மலைக் கிராமங்களில் குளிர்காலத்தில் பனியால் சாலைகள் அடைபடும். உறைபனியில் இடப்படும் கான்கிரீட் உரிய வலிமை பெறாது. ஆகவே, பனி உருகிய பின் தொடங்கும் பணிகளை அடுத்த பனிக்குள் முடித்தாக வேண்டும். போர்க்காலத்தில் தலிபான் தாக்குதல்கள் தீவிரமடைந்ததும், வயல் வேலைகள் தொடங்கியதும் அதே வசந்த காலத்தில்தான். கலந்து பேச அவகாசம் அளித்தது குளிர்காலமே.

கடந்த 2003-இல் தொடங்கப்பட்ட தேசிய ஒற்றுமைத் திட்டத்தில், குடும்பத்துக்கு 200 டாலர் வீதம், கிராமத்துக்கு அதிகபட்சம் 60,000 டாலர் வழங்கப்பட்டது. குடிநீர்க் கிணறா, பாசனக் கால்வாயா, சாலையா என்பதைக் கிராமத்தினர் தேர்ந்தெடுத்த வளர்ச்சி மன்றங்களே தீர்மானித்தன. வசந்தத்துக்குள் முடிவு எட்டப்படாவிட்டால், கிணற்றுக்காக மேலும் ஓராண்டு காத்திருக்க நேரிடும்.