முப்பரிமாணப் படிமங்களின் சுருக்கமும் விரிவும்

மனித உடலின் உட்புறத்தைக் கத்தியின்றிக் காணும் ஆற்றல் மருத்துவம் பெற்ற பேறுகளுள் தலையாயது. 1971 ஆம் ஆண்டு இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி ஒரு நோயாளியின் மூளையை வெட்டுமுகங்களாகப் படம்பிடித்தது. அவரும் கோர்மாக்கும் 1979 இல் அதன் பொருட்டு நோபெல் பரிசு பெற்றனர். அன்றுதொட்டு மருத்துவப் படம் தட்டையான தாளாக இராது, வெட்டுமுகங்களின் அடுக்காக, நீள அகல உயரங்களுடைய முப்பரிமாணப் படிமமாக வளர்ந்தது.

இவ்வளர்ச்சியோடு கோப்பின் பருமனும் பெருகியது. 256 நிரையும் 256 நிரலும் கொண்ட 176 வெட்டுமுகங்களில் 11,534,336 கனத்துணுக்குகள் அடங்கும். துணுக்கொன்றுக்கு இரண்டு பைற்று எனக் கொள்ளின், ஒரு தலையின் காந்தப் பரிவுப் படிமம் 23,068,672 பைற்றுகளாகும். எனவே சுருக்கம் இன்றியமையாததாயிற்று.

மருதமுனைத் தறியில் சேலை நெய்பவர் கரையின் ஒவ்வோர் இழையையும் தனித்தனியே எழுதிவைப்பதில்லை. ஒரு கோலத்தையும் அது திரும்ப வரும் தடவைகளையும் குறித்தாற் போதும். சுருக்கத்தின் அடிப்படையும் இதுவே. மீண்டும் வரும் தொடரை முன் வந்த இடத்தைச் சுட்டிக் குறிக்கும் முறையை லெம்பெல், சிவ் என்போர் 1977 இல் வெளியிட்டனர். அடிக்கடி வருவதற்குக் குறுங்குறியீடு வழங்கும் முறையை ஹஃப்மன் 1952 இல் வகுத்தார். இவ்விரண்டையும் இணைத்தாளும் ஜிசிப் என்னும் கருவி 1992 இல் வெளிவந்தது. மூளைப் படிமங்களுக்குரிய நிஃப்டி கோப்புகள் பெரும்பாலும் இதனாலேயே சுருக்கப்படுகின்றன.

இக்கருவிக்குப் பொத்தான்களோ சாளரங்களோ இல்லை. கட்டளை வரியில் கருவியின் பெயர், செய்யவேண்டிய பணி, கோப்பின் பெயர் ஆகியவற்றை முறையே தட்டச்சிடவேண்டும். பணியைக் குறிக்கும் சொல்லின் முன் இரு சிறு கோடுகள் இடப்படும். முதலில் ‘ரெஸ்ற்’ என்னும் சொல்லால் கோப்பைச் சோதித்தல் நன்று. சுருக்கிய வேளையில் கணித்த சரிபார்ப்பெண் கோப்பின் இறுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அது பொருந்தாவிடிற் கோப்பு பழுதுற்றதெனக் கருவி அறிவிக்கும். பின்னர் ‘டீகம்பிரஸ்’ என்பது கோப்பை விரிக்கும். ஆயின் வெற்றியுடன் விரித்ததும் சுருக்கிய மூலத்தைக் கருவி தானே நீக்கிவிடும். மூலம் எஞ்சவேண்டுமாயின் ‘கீப்’ என்னும் சொல்லையும் சேர்த்தல் வேண்டும்.

ஈண்டு உணரவேண்டிய வேறுபாடொன்றுண்டு. ஜிசிப் இழப்பற்ற சுருக்கம். விரித்தபின் ஒரு பிற்றும் மாறாது. சாதாரண ஜேபெக் முறையோ, கண்ணுக்குப் புலப்படாதெனக் கருதிய நுண்வேறுபாடுகளைக் களைந்துவிடுகின்றது. களைந்ததை எக்கட்டளையும் மீட்டுத் தராது. மருத்துவமனைகளில் வழங்கும் டைகொம் கோப்புகளில் இவ்விருவகைச் சுருக்கமும் படத்தரவின் உள்ளேயே அமையலாம். அவற்றை ஜிசிப் விரிக்காது. அவற்றுக்கென அமைந்த வேறு கருவிகள் உள. மூளையின் சிறு இரத்தக்கசிவு நரைநிறத்தின் மெல்லிய வேறுபாடாகவே தோன்றக்கூடுமாதலின், எவ்வகைச் சுருக்கமென அறியாது படிமத்தை அளப்பது ஓர் உயிரையே ஐயத்துக்குள்ளாக்கும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2024 இல் கருவிலுள்ள குழந்தைகளின் மூளைகளை 5,132 வெட்டுமுகங்களாக ஆவணப்படுத்தி, ‘தரணி’ என்னும் பெயரில் யாவர்க்கும் திறந்துவைத்தது. வயல்கள் சூழ்ந்த மாவடிப்பள்ளியில் இருக்கும் மாணவரும் அதனை நோக்கலாம். ஜிசிப்பும் விலையின்றிக் கிடைப்பதே. கருவியும் தரவும் எட்டும் தொலைவில் வந்துவிட்ட இந்நாளில், சோதித்து, மூலத்தைக் காத்து, பின் விரிக்கும் ஒழுங்கே கற்போர் கைக்கொள்ளவேண்டிய முதற்பாடமாகும்.