பில் இல்லாத பவளம்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் சேக்காளி ஒருவன் குடியிருப்பது பழைய மசாலாக் கிடங்கு ஒன்றின் மேல்மாடி. கீழே இன்னமும் சுக்கு வாசம். மேலே மரத்தளம், யாராவது வேகமாக நடந்தால் அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். அந்தத் தளத்தில்தான் எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரையடி உயரத்தில் கடல் தொட்டி ஒன்று வைத்து, பவளப்பாறையையே வீட்டுக்குள் கொண்டுவரப் போவதாகப் போன மழைக்காலத்தில் சொன்னான்.

டீக்கடையில் உட்கார்ந்து அந்த இடத்திலேயே கணக்குப் போட்டோம். கொள்ளளவு 60 கன அடி, அதாவது 1,700 லிட்டர். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் நீர் மட்டுமே 1,740 கிலோ. கண்ணாடி, பாறை, இரும்பு ஸ்டாண்டு, அடியில் வைக்கும் சம்ப் எல்லாம் சேர்ந்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். அத்தனையும் நிற்கப்போகும் இடம் 24 சதுர அடி. ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல். குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர விதிகள் எதிர்பார்க்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். நூறு வயதான மர உத்திரம் எவ்வளவு தாங்கும் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் பார்த்து எழுத்தில் தர வேண்டும். தொட்டி செய்து தருபவர் “ஒண்ணும் ஆகாது” என்று சொல்வது சான்றிதழ் ஆகாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பாரம்பரியப் பகுதி என்பதால், உத்திரத்தை மாற்றி இரும்பு கொடுக்கலாம் என்று நினைத்தால் முதலில் மாநகராட்சியில் கேட்டுவிட வேண்டும்.

எடைக்கு விடை கண்டோம்: தொட்டி தரைத்தளத்துக்கு இறங்கியது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருப்பது பவளம் வாங்கக் கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

கடைக்காரர் நம்ம ஊர்க்காரர், நல்ல மனிதர். நீல விளக்குக்கு அடியில் பச்சையும் ஊதாவுமாக, விரல் நுனி அளவில் பவளத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். தொழிலில் இதற்கு ஃப்ராக் என்று பெயர். “எல்லாம் இம்போர்ட்டட் அண்ணே, பயப்படாதீங்க” என்றார். பில் கேட்டோம். “மீன் தொட்டி சாமான்னு போட்டுத் தந்துர்றேன்.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில்தான் புலியும் யானையும் இருக்கின்றன. பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாமும் 2001-இல் அதே அட்டவணைக்கு வந்தன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், புல்லாங்குழல்போல் அடுக்கடுக்காக இருக்கும் சிவப்பு ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் கூடவே சேர்ந்தன. கடல் குதிரையும் கடல் அட்டையும் அந்த ஆண்டே பாதுகாக்கப்பட்ட பட்டியலுக்குள் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிய காலம் நம் கடற்கரைகளில் பலருக்கும் நினைவிருக்கும். இன்று முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

தண்டனையைவிட வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு. சாதாரணக் குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை. இங்கே அந்தப் பொருள் உங்கள் கையிலோ பொறுப்பிலோ இருந்தது என்று காட்டிவிட்டால் போதும். சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்தீர்கள் என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். அப்போது நீட்டக் கையில் என்ன இருக்கும்? “மீன் தொட்டி சாமான்” என்று எழுதிய பில்.

இம்போர்ட்டட் என்ற சொல்லும் காப்பாற்றாது. அட்டவணை கல் பவளங்களை இனமாகச் சொல்கிறது, எந்தக் கடலில் பிறந்தது என்று பார்த்துச் சொல்லவில்லை. சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் கல் பவளங்கள், ராட்சத மட்டிகள், கடல் குதிரைகள் எல்லாம் இருக்கின்றன. அனுப்பும் நாட்டின் சைட்டிஸ் அனுமதி இல்லாமல் அவை முறையாக எல்லை தாண்ட முடியாது. அந்தப் பட்டியல் உயிரினங்களை இந்தியாவில் உயிருடன் வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்துவிட்டன. வெளிநாட்டு அலங்கார மீன் என்றால் அதற்கு சுகாதார இறக்குமதி அனுமதி தனியாக உண்டு. இந்தக் காகிதங்களின் நகலைக் கேட்டுப் பாருங்கள். முறையாக வரவழைத்தவர் எடுத்துக் காட்டுவார், மற்றவர் பேச்சை மாற்றுவார்.

லைவ் ராக் என்று விற்கும் பாறையிலும் இதே வில்லங்கம். கடலிலிருந்து பெயர்த்தது என்றால் அது பெரும்பாலும் இறந்த பவளத்தின் எலும்புக்கூடுதான். சிமென்ட்டிலோ பீங்கானிலோ வார்த்த பாறையை வாங்கி, நான்கிலிருந்து ஆறு வாரம் பாக்டீரியா பிடிக்க விட்டால், நீரைச் சுத்திகரிக்கும் அதே வேலையைச் செய்யும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீனை விட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் முதல் மாதத்திலேயே மீன்களைச் சாகக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவார்கள்.

பவளம் இல்லாமல் கடல் தொட்டியா என்று சேக்காளி முகம் சுளித்தான். நல்ல மீன்களே போதுமே என்றேன். கோமாளி மீனையும் டாம்சல் வகைகளையும் பொரிப்பகத்தில் வளர்க்கும் நுட்பத்தை உருவாக்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் எர்ணாகுளத்திலேயே இருக்கிறது. 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் இந்த மீன்களை வளர்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது. கடலில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த மீனோ கடையில் அழகாக நீந்திவிட்டு வீட்டுக்கு வந்த சில வாரங்களில் செத்துப்போகும்.

தோல் பவளம், காளான் பவளம், பொத்தான் பவளம் என்று விற்கிற மென்மையான வகைகள் கல் பவளத்தில் சேராதவை. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவற்றுக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பொத்தான் பவளத்தில் வேறோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பாலிதோவா என்ற வகையில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒருவர் தன் தொட்டியிலிருந்து இந்தப் பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்ததில் குடும்பத்தார் ஆறு பேரும், உதவிக்கு வந்தவர்களில் நான்கு பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பதும் பிரஷ்ஷால் தேய்ப்பதும்தான் பெரிய தவறு. ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறும். காய்ச்சல், நடுக்கம், வாயில் உலோகச் சுவை, மூச்சுத்திணறல் என்று வந்தால் உடனே வீட்டை விட்டு வெளியேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டரிடம் “மீன் தொட்டிப் பவளம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அவர் வைரல் காய்ச்சல் என்று நினைப்பார். தில்லி எய்ம்ஸ் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

மின்சாரம் பற்றி: உப்புத் தண்ணீர், ஈரக் கை, ஏழெட்டு பிளக் என்று மூன்றும் ஒரே மூலையில் சேருகின்றன. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாமல் தொட்டியை ஆன் செய்யவே கூடாது. கொச்சி வெயிலில் நீரை 26 டிகிரியில் வைக்க சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். கே.எஸ்.இ.பி. கணக்கில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. தொட்டி வாங்கும் முன் பழைய கரண்ட் பில்லை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

கரண்ட் போகும் நேரத்தில்தான் வெள்ளமும் வரும். பம்ப் நின்றதும், மேல் தொட்டி நீர் திரும்பும் குழாய் வழியே கீழே சம்புக்கு இறங்கும். குழாய் வாய் நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருந்தால், எங்கள் அளவுத் தொட்டியில் 113 லிட்டர். சம்பில் அந்த இடம் காலியாக இல்லையென்றால் அவ்வளவும் தரையில். இதைச் சோதிக்க ஒரே வழி, பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன் தொட்டியை நிரப்பி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நின்று பார்ப்பது. ஒரு வாரம் நீர் நிறைத்து வைத்துக் கசிவு பார்த்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கண்ணாடியின் தடிமன், உத்தரவாதக் காலம், உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் அதில் வர வேண்டும். இந்த அளவில் நீளப்பக்கக் கண்ணாடி ஒன்றை நீர் சுமார் 700 கிலோ விசையோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் பெர்லினில் பத்து லட்சம் லிட்டர் ராட்சதத் தொட்டியே வெடித்து நீர் தெருவுக்கு வந்தது.

பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது வீட்டுக் காப்பீட்டில் நீர்த்தொட்டி, குழாய் வெடித்து வழிவதால் வரும் சேதம் அடங்கும். மீன் தொட்டியும் அதில் சேருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். கீழ்வீட்டுக்காரரின் மிளகு மூட்டை நனைந்தால் தர வேண்டிய இழப்பீடு வேறு சங்கதி.

தொட்டி கசிந்தாலோ, சொன்ன தடிமனில் கண்ணாடி இல்லையென்றாலோ, மீன் செத்தே வந்தாலோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் எர்ணாகுளத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். மீன் பையைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். பிரித்த பிறகு எடுத்த படத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை.

இந்தக் கதவுகள் எல்லாம் பில் இருப்பவருக்குத்தான் திறக்கும். ஒரு லட்சத்துக்குக் கல் பவளம் வாங்கி, அது ஒரே வாரத்தில் வெளுத்துச் செத்துப்போனால் ஆணையத்தில் என்ன சொல்வீர்கள்? வாயைத் திறந்தால் உங்கள் மீதே வாக்குமூலம். கடைக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் அவ்வளவு நிதானமாக இருந்தார்.

ஏற்கெனவே தொட்டியில் பவளம் வைத்திருப்பவர்கள் பயந்துபோய் இரவோடு இரவாகக் காயலில் கொட்டப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் கொச்சிக் காயலின் உப்பு பெருமளவு குறைந்துவிடும். பவளம் அதில் பிழைக்காது, நோயும் அந்நிய உயிர்களும் மட்டும் பிழைத்துப் பரவலாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அராபைமா, அலிகேட்டர் கார் என்ற அந்நிய மீன்கள் வலையில் விழுந்தது யாரோ வளர்த்ததன் விளைவு. கொட்டுவதற்குப் பதில், வனவிலங்கு வழக்குத் தெரிந்த வக்கீலைப் பார்த்து, வனத்துறைக்கு எழுத்தில் தெரிவிப்பதே பாதுகாப்பான வழி. சோதனைக்கு வந்துவிட்டால் அதிகாரியின் அடையாள அட்டையைப் பாருங்கள், கைப்பற்றியதை விவரிக்கும் மகஸரின் நகலைக் கேளுங்கள். அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

சேக்காளி இப்போது தரைத்தளத்தில் நாலடித் தொட்டி வைத்திருக்கிறான். சிமென்ட் பாறை, பொரிப்பகக் கோமாளி மீன் ஒரு ஜோடி. பில் எல்லாம் ஒரு ஃபைலில். போன வாரம் அவன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது ஷோகேஸில் கண் போனது. வெள்ளைவெளேரென்று கை அகலத்துக்கு ஒரு மான்கொம்புப் பவளம். அவன் அப்பா ஒரு காலத்தில் லட்சத்தீவுக் கப்பலில் போய்வந்தபோது கரையில் ஒதுங்கியது என்று எடுத்து வந்தாராம்.

“செத்தது தானேடா?” என்றான்.

செத்ததுக்கும் அதே அட்டவணைதான். ஃபைலை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினோம்.