கத்திரி வெயிலும் தொட்டி மண்ணும்

முதல் நாள் மாலைவரை செழித்து நின்ற தக்காளிச் செடி, தொட்டியில் ஈரம் இருக்கும்போதே, இலை பழுக்காமல் பச்சையாகவே தலை தொங்கிச் சாயுமானால், அதன் அடித்தண்டில் ஒரு துண்டை அறுத்து, தெளிந்த ஜலம் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் அமிழும்படி நிறுத்திப் பாருங்கள். சில நிமிஷங்களில் பால்நூல் போன்ற கசிவு ஒன்று கீழ்நோக்கி இறங்கினால், அது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் வாடல் நோய் என்று கொள்ளலாம். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் பீடிக்கும் இக்கிருமி, செடி மாண்ட பின்னும் மண்ணில் ஜீவித்திருப்பதால், அதே தொட்டியில் மறு நாற்றை நடுவது அதற்கு அடுத்த வேளை ஆகாரம் பரிமாறுவதேயாகும். மண்ணைக் கொட்டிவிடலாமே என்றால், கொட்டுகிற இடம் அண்டை வீட்டார் பாத்தியோரமாக அமைந்துவிடுவதுதான் வழக்கம்!

இதற்குச் சூரியனையே வைத்தியனாக அழைக்கும் உபாயம் ஒன்று உண்டு. உஷ்ணம் மிகுந்த யோர்தான் பள்ளத்தாக்கில், பாலிதீன் தாள் விரித்த நிலம் அளவுக்கு மீறிச் சூடேறுவதை விவசாயிகள் கவனித்திருந்தார்கள். அதைப் பின்பற்றி ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானி யாக்கோவ் கட்டானும் அவருடைய சகாக்களும் பாலிதீன் தாளால் மண்ணை மூடி வெயிலில் சூடேற்றும் இம்முறையை 1976-ல் உலகுக்கு வெளியிட்டார்கள்.

மண்ணை வெயிலில் காயப்போடுவதுதானே என்று எண்ணலாகாது. உலர்ந்த மண்ணில் பல கிருமிகள் யோகிகளைப்போல ஒடுங்கி உஷ்ணத்தைச் சகித்துக்கொள்ளும். ஈரமோ அவற்றைத் துயிலெழுப்பிச் சூட்டுக்கு இலக்காக்குவதோடு, அச்சூட்டை மண்ணின் உள்ளேயும் கொண்டு செல்கிறது. ஆகையால் வேர்த்துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கட்டிகளை உடைத்து, நன்றாக நனைத்து, மொட்டைமாடியில் ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, மெல்லிய பாலிதீன் தாளால் இறுக மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிட வேண்டும். தாள் கறுப்பாக இருத்தல் கூடாது. கறுப்புத் தாள் வெயிலைத் தானே குடித்துவிடும், நிறமற்ற தாளோ உள்ளே விட்டு வெப்பத்தைச் சிறைப்படுத்தும். ஈரமண் 60 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் இருந்தாலே பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடியும். தாளின் கீழ் அவ்வளவு சூடு பெரும்பாலும் ஏறாதாகையால், அந்தக் குறையை நான்கு முதல் ஆறு வாரக் காலம் ஈடுசெய்கிறது. சித்திரை பிறந்ததும் மூடினால், கத்திரி வெயில் கழியும்போது பிரிக்கலாம். கத்தரிச் செடிக்கு வந்த நோய்க்குக் கத்திரியே மருந்தாவது நம் பாஷையின் விளையாட்டு.

சூடு நல்ல நுண்ணுயிர்களையும் ஓரளவு அழித்துவிடுமாதலால், மட்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து மண்ணில் சேர்ப்பது உசிதம். வாடல் கிருமி முற்றும் ஒழிந்தது என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகையால் முதல் போகமாக வெங்காயத்தை ஊன்றுங்கள், தக்காளி பிறகு வரட்டும்.