நாலூரானுக்கும் மோட்சம்

நம்பிக்கைத் தடங்கள் – 14

சென்ற வாரம் சீனாய் மலையடிவாரத்தில் நிறுத்தியிருந்தோம். மேலே இடியும் புகையும். கீழே பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆட்டம். பத்துக் கட்டளை எழுதிய பலகைகள் மலையிறங்கி வருவதற்குள் மீறல் நடந்து முடிந்துவிட்டது. யாத்திராகமம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். பின்னாளில் பவுல், ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் இதே முடிச்சைத்தான் பிடித்துக்கொண்டார். நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது, சந்தேகமில்லை. எது பாவம் என்று அது சொல்லும். பாவியைத் தூக்கி நிறுத்த அதனால் ஆகாது. அதற்குக் கிருபை வேண்டும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். அதுவும் இந்த வரிசையில்தான் போகும்: முதலில் கட்டளைகள், அப்புறம் விசுவாசப் பிரமாணம். தன் தப்பு தெரியாதவனிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பது லூத்தரின் கணக்கு.

சரி, இதைப் பேச ஒரகடத்துக்குப் போவோம்; இதே கேள்வியை ஒருவன் அங்கே எழுப்பினான். ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கார், டயர், பைக், செல்போன் என்று வரிசையாகக் கம்பெனிகள். அவற்றில் வேலைக்கு வந்த நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பிள்ளைகள் தங்கியிருக்கும் தெருக்களில், மளிகைக் கடைக்கு மேல் மாடியை வாடகைக்குப் பிடித்து ஜெபக்கூடம் நடத்துகிறார்கள். ஞாயிறு காலையில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மும் கழுத்தில் அட்டையுமாக நேரே வந்து பாயில் உட்காருகிறார்கள். பாட்டு வரைக்கும் தாங்கும். பிரசங்கத்தில் தலை சாய்ந்துவிடும். அப்படி ஒரு மாடியில் ரோமர் நிருபம் ஓடிக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். “எல்லாத்தையும் மன்னிச்சிருவார்னா அப்புறம் கட்டளை எதுக்கு பாஸ்டர்? எங்க லைன்ல அப்படி விட்டா ஒருத்தனும் டயத்துக்கு வரமாட்டான்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் லேட் மார்க் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போகிற இடத்தில் வேலை பார்ப்பவன் அவன்; வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பவுலும் ரோமர் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இதே கேள்வியைத் தானே எழுப்பி, கூடவே கூடாது என்று மறுக்கிறார். போதகரும் அந்த வசனத்தைத்தான் வாசித்துக் காட்டினார். பையன் உட்கார்ந்தான், முகத்தில் தெளிவில்லை.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இன்றும் ‘தான் உகந்த திருமேனி’யாக வீற்றிருக்கும் இராமாநுசர்.

திருக்கோஷ்டியூர்க் கதை தெரியாதவர்கள் குறைவு. இராமாநுசர் பதினெட்டு முறை நடந்து, குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் பெற்றார். யாருக்கும் சொல்லக்கூடாது, மீறினால் நரகம் என்பது குருவின் ஆணை. ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். கோபத்தோடு அழைத்துக் கேட்ட குருவிடம், இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போவதில் என்ன என்றார். ஆணை செல்லாது என்று அவர் வாதாடவில்லை என்பதைப் பாருங்கள். தண்டனை உண்டு, அது எனக்கு என்று ஏற்றுக்கொண்டார். ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுலும் இதே ஓரத்தில் வந்து நிற்கிறார்: தன் இனத்தாருக்காகத் தானே சாபத்துக்குள்ளாகவும் தயார் என்கிறார். இருவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டு, ஒரு கடல்.

இன்னொரு கதை அவ்வளவாக வெளியே பேசப்படுவதில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்தைச் சேர்ந்த பெருஞ்செல்வர் கூரத்தாழ்வான். செல்வத்தை உதறிவிட்டு இராமாநுசரிடம் சேர்ந்தவர். சோழன் இராமாநுசரை அழைத்துவர ஆளனுப்பியபோது, குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போனார். இராமாநுசர் வெள்ளை உடுத்தி மேற்கே தப்பினார். சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று கையெழுத்திட மறுத்த கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். உடன் போன முதியவர் பெரிய நம்பியும் கண்ணிழந்து, திரும்பும் வழியிலேயே உயிர்விட்டார். (அந்தச் சோழன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் உடன்பாடில்லை. நான் இங்கே வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்வதைத்தான் சொல்கிறேன்.)

அரசனைத் தூண்டிவிட்டவன் நாலூரான், கூரத்தாழ்வானின் சொந்தச் சீடன். பல ஆண்டுகள் கழித்து, காஞ்சிப் பெருமாள் வரதனிடம் கண்ணைக் கேள் என்று இராமாநுசர் அனுப்புகிறார். ஆழ்வான் துதி பாடி முடிக்கிறார். என்ன வேண்டும் என்று வரதன் கேட்கிறான். நான் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்கிறார் ஆழ்வான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூல் வெளியிட்டார். இராமாநுசர் வழிச் சமயத்தில் அவர் கண்ட ஒற்றுமை அவரையே திகைக்க வைத்தது. முயற்சியால் அல்ல, அருளால்தான் மீட்பு என்று லூத்தர் சொன்னதை இங்கேயும் சொல்கிறார்கள்! ஆனாலும் குற்றவுணர்வும் அதற்கான பரிகாரமும் கிறிஸ்தவத்தில் நடுநாயகம், இந்திய அருள்நெறியில் பாவத்தைச் சுமந்து தீர்ப்பவர் இல்லை என்று கோடு கிழித்தார். கூரத்துக்காரரை வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. இன்னொருவர் இடத்தில் போய் நின்று அவருக்கு வர வேண்டிய அடியை வாங்கியவர், அடிக்குக் காரணமானவனுக்கே மோட்சம் கேட்டவர் இங்கே இருக்கிறார். சிலுவையில் தொங்கியபடி, இவர்களை மன்னியும் என்று இயேசு வேண்டியதாக லூக்கா எழுதியதைப் படித்து வளர்ந்தவருக்கு இந்தக் கதை அந்நியமாகவே படாது.

என்றாலும் ஓட்டோ பாதி சரி. திருக்கோஷ்டியூரில் நம்பி, சீடனின் பதிலைக் கேட்டதும் நெகிழ்ந்து, எம்பெருமானாரே என்று தழுவிக்கொள்கிறார். நரகம் அந்த அணைப்பில் கரைந்துபோகிறது. கிறிஸ்தவக் கதையில் கரைவதில்லை. சட்டம் சொன்ன தண்டனை நடந்தே தீர்கிறது. நமக்காக அவர் சாபமானார் என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. கண்ணிழந்தவர் பக்தர், காஞ்சியின் அத்திகிரியில் நின்று வரம் தந்தவன் வரதன். கிறிஸ்தவர் நம்பிக்கையிலோ சீனாயில் கட்டளை கொடுத்தவரும் கல்வாரியில் ஆணியேற்றவரும் ஒருவரே. சட்டத்தை விதித்தவரே அதன் விலையையும் கட்டிவிடுகிறார்.

வைணவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: பிறந்த கன்றின் அழுக்கைப் பசு நக்கித் தின்பது போல் அடியாரின் குற்றத்தையே போக்கியமாகக் கொள்பவன் பகவான், அவனுக்கு எதற்குத் தண்டனைக் கணக்கு? நல்ல கேள்வி. கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த குறையை ஈடுகட்ட வேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் அன்செல்ம் சொன்ன விளக்கம் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை. எனக்கும் அதில் கணக்குப்பிள்ளை வாடை அதிகம்.

வைணவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்குப் போனவர் ஒருவர் இதை விளக்கமாக அல்லாமல் கதையாகவே சொன்னார். நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். பனியனின் மூலக்கதையில் பயணியின் முதுகில் ஒரு மூட்டை. சட்டநெறியாளன் வீட்டைத் தேடிப் போகும்போது மூட்டை இன்னும் கனக்கிறது. தலைக்கு மேல் மலை சரிந்துவிடும்போல் நிற்கிறது. சிலுவை முன் வந்ததும் மூட்டை தானாகக் கழன்று, உருண்டுபோய்க் கல்லறைக்குள் விழுகிறது. அவன் அதை அவிழ்க்கவில்லை. ஆனால் மூட்டை காற்றில் மறையவும் இல்லை. இன்னொருவர் கிடந்த இடத்துக்குள் போய்ச் சேருகிறது.

மாடியில் கேட்ட பையனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சூப்பர்வைசர் கண்டுகொள்ளாமல் விடுவதும் கிருபையும் ஒன்றல்ல. உன் லேட் மார்க்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, தன் சம்பளத்தைப் பிடித்தம் செய்யச் சொன்னவரைத் தெரிந்த பிறகும் நாளைக்கு வேண்டுமென்றே தாமதமாகப் போக உனக்கு மனம் வருமா என்பதுதான் பவுல் திருப்பிக் கேட்பது. சிலருக்கு வரும். நாஜி ஆட்சியில் 1945இல் தூக்கிலிடப்பட்ட டீட்ரிஷ் போன்ஹோஃபர், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, மனந்திரும்புதல் இல்லாமல் விநியோகிக்கப்படும் மன்னிப்பை மலிவான கிருபை என்று சாடி எழுதிவிட்டார். நாலூரானும், ஆழ்வான் தனக்காக வரம் கேட்ட பிறகு எப்படி வாழ்ந்தான் என்பது பற்றிக் கதை வாய் திறப்பதில்லை.

போன்ஹோஃபருக்கு வெகுகாலம் முன்பு, மன்னிப்பை மலிவாக்கியது போதாதென்று சபையில் அதை அச்சடித்த சீட்டில் விலைபோட்டும் விற்றார்கள். அந்தச் சீட்டு வியாபாரத்தைப் பார்த்து 1517இல் விட்டன்பெர்க்கில் ஒரு துறவிக்கு வந்த கோபம் அடுத்த வாரம்.