பூகம்பமும் இரு பெரியோரும்

1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி, திங்கட்கிழமை. பொங்கல் முடிந்த கையோடு வந்த தை அமாவாசை. அன்று பிற்பகல் இரண்டே கால் மணி சுமாருக்கு வட பீகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கியது. சில நிமிஷங்களுக்குள் முங்கேர் நகரம் செங்கற்குவியலாயிற்று. முஜப்பர்பூரில் வீடுகள் சரிந்தன. காட்மாண்டுவில் தரஹரா என்னும் உயர்ந்த கோபுரம் முறிந்து விழுந்தது. வயல்வெளிகளிலோ விபரீதம் வேறு விதமாக நேர்ந்தது. தரை பிளந்து, பிளவுகளின் வழியே நீரும் மணலும் ஊற்றுப்போலப் பீறிட்டன. காலையில் பயிர் நின்ற நிலம் மாலையில் மணல் திடலாகக் கிடந்தது. ஊருக்குக் குடிநீர் தந்த கிணறு வாய்வரை மணலால் தூர்ந்து போயிற்று. பீகாரில் 7,000 பேருக்கு மேலும், நேபாளத்தில் 8,000 பேருக்கு மேலும் மாண்டனர்.

அந்தச் சமயத்தில் காந்தியடிகள் தீண்டாமையை ஒழிக்கும் பொருட்டு ஹரிஜன யாத்திரை செய்துகொண்டு நம் தென்னாட்டில் இருந்தார். பூகம்பம் நிகழ்ந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 24-ஆம் தேதி, திருநெல்வேலியில் பேசுகையில், பீகாருக்கு நேர்ந்த கதியை எடுத்துச் சொல்லி, தம்மைப் போன்ற ஒருவன் இதனை நம் பாவங்களுக்கு ஆண்டவன் அனுப்பிய தண்டனையாகக் கருதாமல் இருக்க முடியாது என்றார். அவர் கருத்தில் நின்ற பாவம் தீண்டாமை. மனிதனை மனிதன் தொட மறுத்த ஒரு தேசத்தின் நடுவே நின்று, அந்த அநீதியைத் தம் உடம்பில் பட்ட புண்ணாகவே உணர்ந்த ஒரு மகான் அப்படிச் சொன்னார் என்பதை நாம் மறக்கலாகாது.

செய்தி சாந்திநிகேதனத்தை எட்டியதும் ரவீந்திரநாத தாகூர் திடுக்கிட்டார். தீண்டாமையை வெறுப்பதில் அவர் காந்திக்கு இளைத்தவர் அல்லர். கடவுளை மறுத்தவரும் அல்லர்; பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவரான தேவேந்திரநாதரின் புதல்வராகப் பிறந்து, பக்திப் பாடல்களால் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆகையால் இந்த வழக்கை ஆஸ்திகனுக்கும் நாஸ்திகனுக்கும் நடந்த சண்டை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. நம்பிக்கை எதுவரை பேசலாம், எந்த எல்லையில் பகுத்தறிவுக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்வி, நம்புகிறவர்கள் இருவருக்குள்ளேயே எழுந்தது. இந்த வழக்கின் விசேஷமே அதுதான்.

தாகூரின் வாதம் தெளிவானது. ஜட உலகில் நிகழும் உற்பாதங்களுக்கு ஜட உலகிலேயே காரணம் உண்டு. நம் குற்றங்கள் எவ்வளவு பெரியவையாயினும், சிருஷ்டியின் கட்டுக்கோப்பைச் சரித்துவிடும் வலிமை அவற்றுக்கு இல்லை. தண்டனைக்கு உரியவர்கள் எங்கோ பத்திரமாக இருக்க, அவர்களைப் பயமுறுத்துவதற்காக நிரபராதிகளைப் பலிகொடுக்கும் ஈசுவரனை நாம் கற்பித்துக்கொண்டால், அந்த ஈசுவரனைவிட மனிதனே தர்மத்தில் உயர்ந்தவனாகிவிடுவான். மேலும், இந்த வாதம் எதிரியின் கைக்கும் பொருந்தும் ஆயுதம்: காந்தியின் பிரசாரத்தால் தர்மம் கெட்டதனாலேயே பூமி நடுங்கிற்று என்று சனாதனிகள் சொன்னால், அதை மறுக்க எந்தப் பிரமாணம் இருக்கிறது? மூட நம்பிக்கை ஏற்கெனவே வேரோடிய நாட்டில், மக்கள் உயிரினும் மேலாக மதிக்கும் தலைவரே இப்படிப் பேசுவது அறிவின்மைக்கு உரமிடுவதாகும் என்பது அவருடைய கவலை.

காந்தியடிகள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டவன் திருவுள்ளமின்றி ஓர் இலையும் அசையாது என்பதே அவர் சிரத்தை. வறட்சியும் வெள்ளமும் பூகம்பமும் ஜடக் காரணங்களால் விளைவனபோலத் தோன்றினாலும், மனிதனுடைய ஒழுக்கத்தோடு அவற்றுக்குச் சம்பந்தம் உண்டு என்றே அவர் கொண்டார். ஆனால் அதைத் தம்மால் நிரூபிக்க இயலாது என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தம் எண்ணம் ஆதாரமற்றது என்று பின்னர் தெரியவந்தாலும், அது தம்மையும் தம்மைப்போல் நம்புகிறவர்களையும் ஆத்ம சுத்திக்குத் தூண்டியிருக்கும், ஆகவே நன்மையே செய்திருக்கும் என்பது அவர் கூறிய சமாதானம்.

ஜவாஹர்லால் நேருவும் இந்தக் கூற்றைப் படித்துத் திகைத்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பூகம்பம் பாவத்தின் தண்டனை என்றால், எந்தப் பாவத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டமறுப்பு இயக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்று ஆங்கில அரசாங்கமும் சொல்லலாமே என்று அவர் கேட்டார். வட பீகார் அந்த இயக்கத்தில் முன்னணியில் நின்ற பிரதேசம்.

விஞ்ஞானம் இன்று கூறும் காரணம் இது: இந்தியாவைத் தாங்கும் பாறைத்தட்டு வடக்கே நகர்ந்து, ஆசியாவின் தட்டுக்கு அடியில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புகுந்துகொண்டிருக்கிறது. உராய்வினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும்போது, நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தம் சேர்ந்து, பூட்டு ஒரு நாள் தெறிக்கிறது. 1934-இல் அது தெறித்த இடம் எவரெஸ்டுக்குத் தெற்கே, கிழக்கு நேபாளத்தின் அடியில். அவ்வளவு தொலைவிலிருந்த பீகார் ஏன் அழிந்தது என்றால், கங்கைச் சமவெளியின் வண்டல், நீர் ஊறிய மணல். கடுமையாகக் குலுங்கினால் அது திடத்தன்மையை இழந்து குழம்பாகிவிடும். கிணறுகள் தூர்ந்ததன் ரகசியம் அதுதான். இந்தத் தட்டுகளின் சித்தாந்தம் 1934-இல் நிலைபெற்றிருக்கவில்லை. விஞ்ஞானிகள் அதை ஒப்புக்கொண்டது 1960-களில்தான். அன்று பகுத்தறிவின் கையிலும் முழு விடை இல்லை என்பதே இதன் பொருள். ஆனால் தெரியாததைத் தெரியாதது என்று வைத்துக்கொண்டு, நிலத்தை அளந்து, சேதத்தைக் கணக்கெடுத்து, பிழையைத் திருத்திக்கொண்டு, அது விடையை நோக்கி நடந்தது. இனி வீடு கட்டுகிறவனுக்கு எந்த மண் நம்பத்தகாதது என்று சொல்லக்கூடியது அந்த அறிவே.

பூகம்பத்தைப் பற்றிய மட்டில் நியாயம் தாகூரின் பக்கம் இருக்கிறது என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஒருவன் தனக்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டு, இது என்னைத் திருத்த வந்தது என்று எண்ணித் தலைகுனிந்தால், அந்த நம்பிக்கையின் எதிரில் தர்க்கம் கைகட்டி நிற்கலாம். அது அவனுக்கும் அவன் தெய்வத்துக்கும் உள்ள விவகாரம். ஆனால் பிறனுடைய குழந்தை இடிபாட்டுக்குள் கிடக்கையில் அதற்குக் காரணம் கூறப் புகுகிறவன், பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய பிரமாணத்தோடு வர வேண்டும். பூமி தீண்ட மறுத்தவனையும் தீண்டப்படாதவனையும் பிரித்துப் பார்க்கவில்லை. எந்தக் கொடுமைக்குத் தண்டனை என்று சொல்லப்பட்டதோ, அந்தக் கொடுமையை அனுபவித்தவனின் குடிசையும் அன்று குலுங்கியது.

ஆயினும் காந்தியடிகளிடம் நாம் கற்க வேண்டியதும் இதே வழக்கில் இருக்கிறது. தாகூரின் மறுப்பைத் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே, பிப்ரவரி 16-ஆம் தேதி இதழில், தம் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் தம் சொல்லை வேதமாகக் கொள்வர் என்று அறிந்த ஒருவர், அந்தச் சொல்லைக் கண்டிக்கும் சொல்லையும் அவர்கள் கையில் கொடுத்தார். இருவருடைய அன்பும் குறையவில்லை. காந்திக்குத் தாகூர் குருதேவராகவும், தாகூருக்குக் காந்தி மகாத்மாவாகவுமே நீடித்தனர்.

இந்தக் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. ஆந்திர தேசத்தில் கோரா என்ற நாஸ்திகர் இருந்தார்; கடவுளை அறவே மறுத்தவர்; தீண்டாமையை வேரறுக்கக் கிராமங்களில் உழைத்தவர். 1944-இல் அவர் சேவாகிராம ஆசிரமத்துக்கு வந்து காந்தியடிகளோடு வாதிட்டார். கடவுளே சத்தியம் என்று முன்பு சொல்லிவந்து, பிறகு சத்தியமே கடவுள் என்று சொல்லத் தலைப்பட்டிருந்த காந்தி, அவர் வாதத்தைப் பொறுமையோடு கேட்டார். கோரா தம் மகளை ஒரு ஹரிஜன இளைஞருக்கு மணமுடிக்க நிச்சயித்தபோது, அந்தத் திருமணத்தைச் சேவாகிராமத்தில் நடத்தலாம் என்றும், சடங்கில் கடவுளின் பெயரால் என்று வரும் இடத்தில் சத்தியத்தின் பெயரால் என்று சொல்லலாம் என்றும் காந்தி இசைந்தார். தீண்டாமைக்காக ஆண்டவன் பூமியையே அசைத்தான் என்று நம்பியவரும், ஆண்டவனே இல்லை என்றவரும், தீண்டாமையை ஒழிக்கும் வேலையில் ஒரே பந்தலின் கீழ் வந்தனர்.

அந்தத் திருமணம் 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் நடந்தது. காந்தியடிகள் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.